செவிலியராக வாழ்ந்த பாட்டியைப் பற்றி எழுதுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பாட்டிமார்களின் வாழ்க்கையை நினைவுகூர்ந்து எழுத விரும்பும் வாசகர்களின் கடிதங்கள் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன. செவிலியர் பயிற்சிப் பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறார்.

எங்கள் ஆச்சி, அம்மாவைப் பெற்றவர், சென்ற ஆண்டு காலமானார். 1950களின் இறுதியில் சென்னையில் நர்ஸ் பயிற்சி முடித்து, தென் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வேலை பார்த்து, ஹெட் நர்ஸாக ஓய்வுபெற்றவர். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்குச் சிறு மலர் ஒன்று அச்சிட நினைக்கிறோம். எழுத உட்கார்ந்தால், 'அன்பே உருவானவர், தன்னலமற்ற சேவை புரிந்தவர், வெள்ளுடை தேவதை' என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. வேலையைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, பாளையங்கோட்டை

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சொற்றொடர்களும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், எந்தச் செவிலியரின் நினைவு அட்டையிலும் பெயரை மட்டும் மாற்றி அவற்றை அச்சிட்டுவிடலாம் என்பதால், உங்கள் ஆச்சி அவற்றுக்குள் அகப்படவில்லை. 'தேவதை' என்ற சொல் எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது. ஆண்டுக்கணக்கில் படித்து, தேர்வெழுதி, கைப்பழக்கத்தாலும் கூர்மையான கவனிப்பாலும் ஒரு பெண் ஈட்டிய திறமையை, பிறவியிலேயே வாய்த்த இரக்கம் என்று அது சுருக்கிவிடுகிறது. அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள்.

வீட்டிலுள்ள காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். ஓய்வூதியப் புத்தகம், இடமாறுதல் ஆணைகள், பணிப்பதிவேட்டின் நகல், வகுப்புத் தோழியரோடு எடுத்துக்கொண்ட குழுப் படம் ஆகியவை பெரும்பாலும் ஒரே இரும்புப் பெட்டியில்தான் கிடக்கும். இவற்றோடு செவிலியர் மன்றத்தின் பதிவுச் சான்றிதழையும் தேடுங்கள். 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டப்படி அமைந்த மன்றம் அது. செவிலியர் என்றும் மருத்துவச்சி என்றும் இரண்டு பதிவுகள் அவர் பெயரில் இருக்கக்கூடும். மகப்பேற்றுப் பயிற்சியையும் முடித்தவர் என்பதற்கு அதுவே சான்று. 1969 ஜனவரிக்கு முந்தைய காகிதங்களில் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ் என்றே இருக்கும். பணிப்பதிவேட்டில் ஒவ்வொரு ஊரும், அங்கே சேர்ந்த நாளும், மகப்பேறு விடுப்பும், ஊதிய உயர்வும் வரிசையாகப் பதிவாகியிருக்கும். உங்கள் அம்மா பிறந்தபோது ஆச்சி எந்த ஊரில் இருந்தார், எத்தனை மாதக் குழந்தையை விட்டுவிட்டு டியூட்டிக்குத் திரும்பினார் என்பதெல்லாம் அந்த வறண்ட பக்கங்களிலிருந்தே தெரிந்துவிடும்.

அடுத்து, அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். சுதந்திரத்துக்கு முன் நாட்டின் மருத்துவ நிலையை ஆராய்ந்த, சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு, 1946இல் தந்த அறிக்கையில், ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருக்கிறார் என்று குறிப்பிட்டது. அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் உங்கள் ஆச்சி வேலையில் சேர்ந்தபோதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நோயாளிகள் நிறைந்த வார்டு ஒன்றை இரவு முழுவதும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும் ஓர் ஆயாவும் மட்டுமே பார்த்துக்கொண்டது அன்று வழக்கமான செய்திதான்.

மலரின் பெரும்பகுதியை அவருடைய கைகள் செய்த வேலைக்கு ஒதுக்குவீர்களானால் மிகவும் மகிழ்வேன். இன்று உறையைப் பிரித்துக் குத்திவிட்டு எறிந்துவிடுகிற ஊசி அன்று கிடையாது. கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றிக் கழுவி, ஸ்டெரிலைசரில் கொதிக்க வைத்து, 'சீட்டில்' (Cheatle) எனப்படும் நீண்ட கிடுக்கியால் எடுத்துக் கோக்க வேண்டும். குழலும் தண்டும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை என்பதால், ஒன்றின் தண்டை மற்றொன்றில் போட்டால் மருந்து ஒழுகிவிடும். முனை மழுங்கிய ஊசிகளைக் கல்லில் தீட்டி மறுபடியும் பயன்படுத்தினார்கள். ரப்பர் கையுறைகளைக் கழுவி, ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்த்து, உலர்த்தி, பவுடர் தூவி அடுக்கினார்கள். காஸ் துணியை வெட்டி மடித்து டிரம்மில் நிரப்பி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பும் வேலை, பகலில் சற்று ஓய்ந்த நேரத்தில் கதை பேசிக்கொண்டே நடக்கும். பெனிசிலினை நான்கு மணி நேரத்துக்கோ ஆறு மணி நேரத்துக்கோ ஒருமுறை போட வேண்டியிருந்ததால், இரவு டியூட்டி என்பதே ஊசி கொதிக்க வைப்பதும் போடுவதும் மீண்டும் கொதிக்க வைப்பதுமாகக் கழியும். சலைன் ஏறும்போது, கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணித் திருகியை அமைத்தவரும் அவர்தான். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மருந்தை நாள்தோறும் கலந்ததால் விரல்களில் தோல் வெடித்து அரிப்பு கண்ட செவிலியர்கள் பலர். ஆச்சியின் விரல்களில் அப்படி ஏதும் தழும்பு இருந்ததா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பிறகு, அவர் கண்ட நோய்கள். வேலைக்கு வந்த காலத்தில் அவருக்குப் பெரியம்மை தெரிந்த நோய். 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டு, 1977இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டபோது, அவர் பணியின் நடுப்பகுதியில் இருந்தார். சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடி வெட்டப்பட்ட பச்சிளங் குழந்தைகள், பிறந்து ஒரு வாரம்போல் ஆனதும், பால் குடிக்க முடியாமல் தாடை இறுகிக் கொண்டுவரப்படுவார்கள். சிறு ஓசையும் வெளிச்சமும்கூட டெட்டனஸ் வலிப்பைக் கிளப்பிவிடும் என்பதால் இருட்டிய அறையில் கிடத்தி, காலணியைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்துக்கொள்வோம். அப்படியும் பல குழந்தைகளை இழந்திருக்கிறோம். கருவுற்ற பெண்களுக்குத் தடுப்பூசி போடுவது பரவலான பின்னரே அந்த அறைகள் காலியாயின. குழந்தைகளையும் தாய்மாரையும் கொல்லும் அந்த நோய் நாட்டில் கட்டுக்குள் வந்துவிட்டதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டது. உங்கள் ஆச்சி அதைக் கேட்க உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட ஊசிகளை ஊரில் வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. அழுது திமிறும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊசியை நாள் தவறாமல் போட்டவரும் புறநோயாளிப் பிரிவின் நர்ஸ்தான்.

காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரைக் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் சேர்த்தும், மற்றொரு பிரிவினரை அவரவர் நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராகவே குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959இல் வெளிவந்தது. காசநோயாளியை ஊரைவிட்டு விலக்கி வைக்கத் தேவையில்லை என்று உலகத்துக்கே காட்டிய ஆய்வு அது. வீடுவீடாகப் போய், மாத்திரை விழுங்கப்படுகிறதா, எத்தனை மிச்சமிருக்கின்றன என்று பார்த்துவந்த பெண் ஊழியர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. உங்கள் ஆச்சி படித்த அதே ஆண்டுகளில், அதே நகரத்தில் நடந்தது இது.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது ஆச்சி மூத்த செவிலியராகியிருப்பார். கொதிக்க வைத்த கண்ணாடி சிரிஞ்சிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிக்கு, வெறுங்கையால் செய்துவந்த வேலையிலிருந்து கையுறைக்கு என்று, பழகிய கைகளையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. நடுவயதைக் கடந்தபின் அவ்வாறு மாறியது எளிதன்று. அதற்கும் மலரில் ஒரு பத்தி தரலாம்.

அவரோடு வேலை பார்த்த ஜூனியர்கள் யாரேனும் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். இரங்கல் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். 'சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தால் முதலில் எதைப் பார்ப்பார், எதற்குத் திட்டுவார்' என்று கேளுங்கள். ஹெட் நர்ஸ் ஒருவர் எதற்குத் திட்டினார் என்பதைக் கொண்டே, அவர் எந்தத் தவறைக் கண்டு அஞ்சினார் என்பதை அறிந்துகொள்ளலாம்.

என் அப்பத்தா நாற்பது வயதுக்குள் விதவையானவர். நர்ஸ் வேலை பார்த்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். ஆனால், 'அம்மா தீபாவளிக்குக்கூட வீட்டில் இருந்ததில்லை, அப்பா இறந்தபோது அழவே இல்லை' என்று என் அப்பா இன்றும் வருந்துகிறார். நினைவுக் கட்டுரையில் இதை எழுதலாமா, மறைத்துவிடலாமா?
– வாசகர், மதுரை

எழுதுங்கள், அப்பாவின் சம்மதத்தோடு எழுதுங்கள். பண்டிகை நாள் டியூட்டியை யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். கணவரில்லாமல் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண், பட்டியலில் தன் பெயர் இருப்பதை மாற்றச் சொல்லி செவிலியர் கண்காணிப்பாளரான மேட்ரனிடம் போய் நிற்பதற்கு எத்தனை முறை தயங்கியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டில் இல்லாத அந்தத் தீபாவளிகளில் உங்கள் அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது யார்? அப்பத்தாவின் தாயாரா, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவா? அந்தப் பெண்ணின் பெயரும் கட்டுரையில் இடம்பெற வேண்டும். செவிலியர்களின் பிள்ளைகளை வளர்த்தெடுத்த பெண்கள் எந்த மலரிலும் இடம்பெறாமல் போவது நியாயமில்லை.

அழாததைப் பற்றி: பயிற்சிக் காலத்திலிருந்தே, நோயாளியின் உறவினர் முன் முகம் மாறக் கூடாது என்றுதான் எங்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. ஒரு படுக்கையில் உயிர் பிரிந்தால் உடலைத் துடைத்து, கண்களை மூடி, தாடையைக் கட்டி, கால் விரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு, அடுத்த படுக்கைக்கு ஊசி நேரம் தவறாமல் போக வேண்டும். பல ஆண்டுகள் இப்படிச் செய்த ஒருவருக்குத் தம் வீட்டுச் சாவிலும் முதலில் கைகள்தான் வேலை செய்யும். உங்கள் தாத்தாவின் உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தியதில் அப்பத்தாவுக்குப் பங்கிருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால், அவருடைய துக்கம் அங்கேதான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் எழுத வேண்டும். அந்தத் தலைமுறையில், அயலாரின் மலசலத்தையும் இரத்தத்தையும் தொடுகிற வேலை, இரவில் வெளியே தங்குகிற வேலை என்று நர்ஸ் வேலையை இழிவாகப் பேசியவர்கள் நிறைய இருந்தார்கள். நர்ஸ் என்பதற்காகவே தட்டிப்போன சம்பந்தங்கள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தே தொடக்கத்தில் பெண்கள் மிகுதியாக இத்தொழிலுக்கு வந்ததற்கு, மிஷன் மருத்துவமனைகளின் பயிற்சிப் பள்ளிகளும் இந்தத் தீட்டு எண்ணமும் சேர்ந்தே காரணமாயின. அதே ஊரார் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி என்று அப்பத்தாவின் கதவைத்தான் தட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே வாழ்க்கையில் நடந்தவை, இரண்டையும் எழுதுங்கள்.

பாட்டியின் விளக்கேற்றும் விழாப் படத்தின் பின்புறம் 'நைட்டிங்கேல் உறுதிமொழி' கையால் எழுதப்பட்டிருக்கிறது. அதை நைட்டிங்கேல் அம்மையாரே இயற்றியதாக அச்சிடலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம். அது 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், செவிலியர் பள்ளி ஒன்றின் தலைவியாக இருந்த லிஸ்ட்ரா கிரெட்டர் அம்மையாரின் குழு உருவாக்கியது. நைட்டிங்கேல் மீதுள்ள மதிப்பால் அவர் பெயரைச் சூட்டினார்கள். உங்கள் பாட்டியின் கையெழுத்திலேயே உறுதிமொழி இருப்பதால், தட்டச்சு செய்யாமல் அந்தப் பக்கத்தையே படமெடுத்து அச்சிடுங்கள்.

எங்கள் பாட்டி கிராமங்களில் ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-மருத்துவச்சி) ஆக இருந்தவர். அவர் பார்த்த பிரசவங்களைப் பற்றி ஊர், பெயர், நாள், குழந்தையின் எடை என்று எழுதிவைத்த நோட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. சில பக்கங்களில் பெயருக்குப் பதில் கோடு மட்டும் போட்டிருக்கிறார். நினைவு மலரில் இவற்றைச் சேர்த்தால் ஊர் மக்கள் மகிழ்வார்கள் என்று என் தம்பி சொல்கிறான். சேர்க்கலாமா?
– வாசகர், திண்டிவனம்

நோட்டுகளைப் பொன்போலப் பாதுகாத்து வையுங்கள். ஆனால் ஒரு பெயரையும் அச்சிடாதீர்கள். உங்கள் தம்பியின் அன்பு எனக்குப் புரிகிறது. 'என்னைப் பெற்றெடுக்க உதவியது உங்கள் பாட்டிதான்' என்று பெருமையோடு சொல்லும் மனிதர்கள் அந்த ஊர்களில் நிறைய இருப்பார்கள். அவர்கள் தாமாக முன்வந்து சொன்னால், அவர்கள் சொன்னதாகவே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டிலிருந்து எடுத்து எழுதுவது வேறு. செவிலியரிடம் வந்த செய்தி நோயாளிக்கு உரியது. செவிலியர் இறந்துபோனாலும், நோயாளியே இறந்துபோனாலும் அதில் மாற்றமில்லை.

அந்தக் கோடுகளைப் பற்றி நன்றாக யோசியுங்கள். மணமாகாத தாயாக இருக்கலாம். பிறந்த அன்றே வேறு வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட குழந்தையாக இருக்கலாம். யாரோ செய்த கருக்கலைப்பில் சீழ்பிடித்து வந்தவராகக்கூட இருக்கலாம். 1971இல் கருக்கலைப்புச் சட்டம் வருமுன் அத்தகைய பெண்களுக்குப் போக்கிடமே இல்லை. வந்த பிறகும் கிராமத்துக்கு அதன் பயன் எட்ட நெடுங்காலம் ஆயிற்று. வீட்டில் தாம் மட்டுமே படிக்கக்கூடிய நோட்டில்கூட உங்கள் பாட்டி அந்தப் பெயர்களை எழுதவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருக்களில்தான் வாழ்கின்றன. நாளும் ஊரும் சேர்ந்தால் பெயரில்லாமலேயே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால், அந்தப் பக்கங்களைப் படமாகவும் வெளியிடாதீர்கள்.

பெயர்களைத் தவிர்த்து எழுதுவதற்கு அந்த நோட்டில் ஏராளம் இருக்கிறது. எந்த ஆண்டு முதல் பிரசவங்கள் வீட்டிலிருந்து துணைச் சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நகர்ந்தன, குழந்தைகளின் எடை ஆண்டுதோறும் கூடியதா, சிக்கல் என்று வண்டி வைத்து அனுப்பியவை எவ்வளவு என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்தால், ஒரு வட்டாரத்தின் வரலாறே கிடைத்துவிடும். வயிற்றின்மேல் வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழல், துணித்தொட்டிலோடு கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் தராசு, 1985க்குப் பின் விரிவடைந்த தடுப்பூசித் திட்டத்தில் பனிக்கட்டி வைத்துத் தோளில் சுமந்த மருந்துப் பெட்டி ஆகியவற்றில் ஏதேனும் பரணில் இருந்தால் அதன் படத்தைப் போடுங்கள். அவர் எத்தனை ஊர்களுக்கு நடந்து போனார் என்று ஒரு வரைபடமும் வரையலாம். தம்பிக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

பாட்டி 1950களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) நர்சிங் படித்தவர் என்பது மட்டும் தெரியும். பட்டமா, பட்டயமா என்று எப்படி அறிவது?
– வாசகி, ராணிப்பேட்டை

அங்கே, அதை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் காலத்தில், 1909இலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. 1946இல் பட்டப் படிப்பும் வந்தது. ஆகவே 1950களில் இரண்டுக்கும் வாய்ப்புண்டு. பட்டம் என்றால் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். கல்லூரிக்கு ஆண்டைக் குறிப்பிட்டு எழுதியும் கேட்கலாம். பட்டயம் என்று தெரிந்தால் குறைவாக எண்ணிவிடாதீர்கள். இந்த நாட்டின் வார்டுகளைத் தாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டயம் பெற்றவர்களே.

எங்கள் பாட்டி உயிரோடு இருக்கிறார். வயது எண்பத்தைந்துக்கு மேல். அண்மைய நிகழ்ச்சிகளை மறந்துவிடுகிறார். அவருடைய நர்ஸ் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவுசெய்ய ஆசை. 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்றால், 'என்ன பெரிய கதை, எல்லாரும் பார்த்த வேலைதான்' என்று முடித்துவிடுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

கதையைக் கேட்காமல் செய்முறையைக் கேளுங்கள். ஒரு போர்வையையும் கட்டிலையும் காட்டி, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி என்று கேளுங்கள். அவரே எழுந்து வந்து காட்ட முயல்வார். விழுந்துவிடாமல் அருகில் ஒருவர் நிற்கட்டும். கட்டுத்துணி ஒன்றைக் கையில் கொடுத்து முழங்கைக்குக் கட்டச் சொல்லுங்கள். நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவர்களும் எட்டு வடிவக் கட்டைச் சரியாகப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். கைகள் வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். அப்போது குறுக்கே பேசாமல் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள்.

முற்பகலில், ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேற்படாமல் பேசுங்கள். ஆண்டுகளைக் கேட்டுத் திணறடிக்காதீர்கள். அவற்றைக் காகிதங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கினார், ஹாஸ்டல் சாப்பாட்டில் எது பிடிக்காது, தொப்பிக்குக் கஞ்சி போடுவது எப்படி, எந்த டாக்டரின் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பவை போன்ற கேள்விகள் நல்லவை. அவர் சோர்ந்தாலோ, ஒரு மரணத்தைச் சொல்லத் தொடங்கி நிறுத்தினாலோ, மேலே கேட்காதீர்கள். நோயாளியின் பெயர் பதிவில் வந்துவிட்டால், எழுத்தாக்கும்போது நீக்கிவிடுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள். இரவு டியூட்டி முடிந்து காலையில் வருகிற நர்ஸிடம் வார்டை ஒப்படைப்பதை நாங்கள் 'ஓவர் கொடுப்பது' என்போம். ஒவ்வொரு படுக்கையாகப் பெயர், நோய், கொடுத்த மருந்து, இரவில் நடந்தது, இனி கவனிக்க வேண்டியது என்று நின்றபடியே சொல்லிக்கொண்டு போவது அது. 'பாட்டி, உங்கள் வார்டை எனக்கு ஓவர் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டு, நோட்டும் பேனாவுமாக அவர் பக்கத்தில் உட்காருங்கள்.